பேப்பர் கப்பும் பிளாஸ்டிக்தான்

“பிளாஸ்டிக் வேண்டாம், பேப்பர் கப்பில் கொடுங்கள்” என்று டீக்கடையில் கேட்டு வாங்குவோர், மண்ணுக்கு நல்லது செய்துவிட்டதாக நம்புகிறார்கள். எத்தனை முறை விளக்கினாலும் சாகாத நம்பிக்கை இது. வெறும் காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் ஊறிக் கிழிந்துவிடாதா? கிழியாமல் காப்பது உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பாலிஎத்திலீன் படலம். பால் பாக்கெட்டும் இதே பொருள்தான். காகிதத்தோடு அது இறுகிக் கிடப்பதால் சாதாரணக் காகித மறுசுழற்சிக்கு இந்தக் கப் உதவாது. மண்ணில் போட்டால் காகிதம் மக்கும், படலம் பொடிப்பொடியாகி அங்கேயே கிடக்கும். 2020இல் ஐ.ஐ.டி. காரக்பூர் ஆய்வாளர்கள் இத்தகைய கப்பில் 100 மில்லி வெந்நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. “தடை இல்லாததால்தானே கடையில் கிடைக்கிறது?” என்பதும் தவறு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைக்கு உள்ளான பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. தடைப் பட்டியலில் உள்ளதையே மாற்றுப் பொருளாகக் கொண்டாடுவது அறியாமை. தெரிந்தபின்னும் தொடர்வது பொறுப்பின்மை.

பேப்பர் கப்புக்கு மாற்றான கண்ணாடி கிளாஸை ஒரே வாளி அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அது கழுவும் முறையின் குறை, கிளாஸின் குறை அல்ல. பால் காய்ச்சும் அடுப்பு எரியும் கடையில் கிளாஸ் கழுவ வெந்நீர் கேட்பது பேராசை ஆகாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. ‘மக்கும் பை’ என்று அச்சிட்டிருந்தாலும் குப்பைமேட்டில் தானாக மக்கிவிடாது. பல வகைகளுக்கு உரமாக்கும் ஆலையின் நீடித்த வெப்பம் வேண்டும். பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் தெரு சுத்தமாகலாம், நச்சு மூச்சில் ஏறும்.

“நம் மக்கள் எதையும் திருப்பித் தரமாட்டார்கள்” என்ற புலம்பல்தான் எல்லாவற்றிலும் மோசமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் நீலகிரியில் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப்புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. புட்டிகள் பெருமளவில் திரும்பி வந்தன. பார்சல் டீக்கும் இதுவே வழி. முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டம்ளரையோ தூக்குவாளியையோ கொடுக்கும் ஏற்பாட்டை உள்ளாட்சிகள் கொண்டுவர வேண்டும். அதுவரை கடையில் நின்று குடிப்பவர்கள் கண்ணாடி கிளாஸைக் கேட்டு வாங்குங்கள்.