நடந்துகிட்டே படம் எடுக்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

சென்னையில படம் எடுக்கக் கிளம்புற பிள்ளைங்க பண்ற முதல் தப்பு, டிபனை முடிச்சுட்டு நிதானமா 10 மணிக்கு வெளியே வர்றதுதான். அதுக்குள்ள வெயில் ஏறிடும். சுவர் வெளுத்துப் போகும், ஆளுங்களுக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்பா நிழல் விழும். அப்புறம் "போன் சரியில்லக்கா"ன்னு புலம்பல். போன் நல்லாத்தான் இருக்கு, நீ போன நேரம்தான் சரியில்ல. வேலைக்குப் போற உனக்கு வாரத்துல ஒரு காலைதான் கிடைக்கும்னு எனக்குத் தெரியும். அதை வீணாக்காதே.

1. கட்டடம் எந்தத் திசை பார்த்து நிக்குதுன்னு முதல் நாள் ராத்திரியே மேப்புல பார்த்து வை. பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும். கடலைப் பார்த்த கட்டடம்னா காலையில 6 மணியில இருந்து 8 மணிக்குள்ள போயிடு. மெரினா ஓரமா இருக்கிற மாநிலக் கல்லூரி, அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸைச் சேர்த்து வைக்க 1842-ல கட்டின ஐஸ் ஹவுஸ் (இப்போ விவேகானந்தர் இல்லம்), ராஜாஜி சாலையில 1884-ல வந்த தலைமைத் தபால் நிலையம், எல்லாத்துக்கும் முகத்துல வெயில் விழறது காலையிலதான். சாயங்காலம் போனா சூரியன் கட்டடத்துக்கு முதுகுப் பக்கம் போயிடும், உனக்குக் கிடைக்கிறது இருட்டுச் சுவர்.

மயிலாப்பூர்ல ரெண்டு வேளையும் வேலை இருக்கு. கபாலீஸ்வரர் கோயிலோட பெரிய கோபுரம் கிழக்கு பார்த்தது, அதுக்குக் காலை. தெப்பக்குளம் கோயிலுக்கு மேற்கால இருக்கு. குளத்தோட சேர்த்து மேற்குக் கோபுரம் வேணும்னா சாயங்காலம் ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் நில்லு, வெயில் உன் முதுகுக்குப் பின்னாடி இருந்து கோபுரத்து மேல விழும்.

2. ஒரு காலைக்கு ஒரு தெரு போதும். மெரினா, மயிலாப்பூர், பாரிமுனை மூணையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு ஓடினா ஆட்டோவுக்குத்தான் செலவு. ஒரே தெருவுல ரெண்டு தடவை நட. போகும்போது கண்ணுல படாத ஜன்னல் திரும்பும்போது படும்.

3. லென்ஸைத் துடை. கைப்பையில கிடந்த போன்ல எண்ணெய்க் கை பட்டிருக்கும், விளக்கெல்லாம் புகை மாதிரி தெரியும். ஏசி ரூமை விட்டு வந்த உடனே எடுத்தாலும் நம்ம ஊர்க் காத்து ஈரத்துல லென்ஸ் மூடிக்கும். தெளியட்டும், கொஞ்சம் பொறு.

4. கட்டடம் பின்னாடி சாயுதா? நீ கிட்ட நின்னு போனை அண்ணாந்து பிடிச்சிருக்கே. எதிர்ப் பக்க நடைபாதைக்குப் போ, போனை நிமிர்த்திப் பிடி, திரையில கட்டக் கோடு போட்டுக்கிட்டு சுவரை அதோட ஒட்டி வை. நடுரோட்டுல மட்டும் நிக்காதே, சொல்லிட்டேன். பஸ்காரன் உன் படத்துக்காகப் பிரேக் போட மாட்டான்.

5. விரலால இழுத்து ஜூம் பண்ணாதே, கால் எதுக்கு இருக்கு? வானம் வெளுத்தா திரையில வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோ. ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

6. ஜார்ஜ் டவுனுக்கு எதை எடுக்கப் போறேன்னு முடிவு பண்ணிட்டு நாளைத் தேர்ந்தெடு. கட்டடம்னா ஞாயித்துக்கிழமை காலை. கடைங்க பெரும்பாலும் மூடியிருக்கும், மாடியில இருக்கிற மரத் தாழ்வாரம், பூ வேலை எல்லாம் தெரியும். ஆளுங்க வேணும்னா வேலை நாள்ல போ. ஆண்டர்சன் தெருவுல பேப்பர் கட்டு இறங்கும், மீன்பாடி வண்டி சந்துல திரும்பும். ஓரமா நின்னு எடு, மூட்டை தூக்குறவங்க வழியில நிக்காதே. அவங்களுக்கு அது பிழைப்பு.

7. ஆளுங்களை எடுக்கிறதுலதான் நிறைய பேர் மேல எனக்குக் கோபம் வருது. பூக்கட்டுற அம்மா மூஞ்சிக்கு நேரா போனை நீட்டிட்டு, ஒரு முழம்கூட வாங்காம நடையைக் கட்டுறாங்க. அப்படிப் பண்ணாதே. முதல்ல பூ வாங்கு, ரெண்டு வார்த்தை பேசு, "ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா"ன்னு கேளு. வேண்டாம்னா சரிம்மான்னு வந்துடு. சரின்னா, எடுத்ததை அவங்ககிட்ட காட்டு. வாட்ஸ்அப் இருந்தா அங்கேயே அனுப்பு. மார்கழிக் கோலத்தை எடுத்தாலும் போட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு. குழந்தைன்னா அம்மாகிட்ட கேட்காம எடுக்கவே கூடாது. நடைபாதையில தூங்குறவங்க, சாவு ஊர்வலம், குழாயடியில குளிக்கிறவங்க, இதெல்லாம் எடுக்காதே. படம் எவ்வளவு அழகா வந்தாலும் எடுக்காதே.

8. கோயிலுக்குள்ள போன் எடுக்காதே. 2022 டிசம்பர்ல ஹைகோர்ட்டே தடை போடச் சொல்லிடுச்சு. கோட்டை, ஹைகோர்ட், துறைமுக வாசல், ரயில் நிலையம்னு காவலுக்கு ஆள் நிக்கிற இடத்துல கேட்டுட்டுத்தான் எடுக்கணும். முடியாதுன்னா வாக்குவாதம் பண்ணாம நகரு. போனுக்குக் கையில ஒரு கயிறு மாட்டிக்கோ, தண்ணி பாட்டில் எடுத்துக்கோ, எந்தத் தெருவுல இருக்கேன்னு வீட்டுல யாருக்காவது சொல்லிட்டுப் போ.

9. இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுடாதே. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் திண்ணை வெச்ச பழைய வீடுங்க நெத்தியில கட்டின வருஷத்தைச் சுதையில போட்டிருப்பாங்க. முழு வீட்டை ஒரு தடவை, அந்த வருஷத்தைக் கிட்ட போய் ஒரு தடவை, தெருப் பலகையை ஒரு தடவை எடு. மூணு படமும் சேர்ந்தாத்தான் எந்த வீடுன்னு பின்னாடி தெரியும். போன வருஷம் இருந்த திண்ணை வீட்டை இந்த வருஷம் இடிச்சு அடுக்குமாடி ஆக்கியிருப்பாங்க. எடுத்து வைக்காட்டி அந்தத் தெரு எப்படி இருந்துச்சுன்னு காட்ட ஆதாரமே இருக்காது. அன்னைக்கு ராத்திரியே மங்கினதை அழி, மீதியைத் தெருப் பேர் போட்டு ஒரு ஃபோல்டர்ல வை, இன்னொரு இடத்துலயும் ஒரு காப்பி போடு. போன் தொலையும், தண்ணியில விழும்.

தூரமா எங்கேயும் போக நேரமில்லையா? உன் தெருவுலயே பழைய வீடு ஒண்ணு இருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு, முதல்ல அதை எடு.