மிஷின் நின்ற பிறகே கை!
கடைசல் வேலையில் சுருள் அள்ளும் முறை



மத்து, பம்பரம், சப்பாத்திக் கட்டை, சொப்புச் சாமான் எல்லாம் லேத் என்று நாம் சொல்கிற கடைசல் மிஷினில் உருவாகிற பொருட்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரமும், கர்நாடகத்துச் சென்னபட்டணாவும் இந்த வேலைக்குப் பேர் போன ஊர்கள். ஆண்கள் கையில் இருந்த இந்தத் தொழிலில் இன்று பெண்களும் உளி பிடிக்கிறோம். குழுக் கடனில் மிஷின் போட்டவர்களும் நம்மில் உண்டு.

உளி பிடிக்கச் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். சுருள் அள்ளச் சொல்லித் தர யாரும் இல்லை. "கூட்டிப் பெருக்குறதுதானே, பொம்பளைங்களுக்குத் தெரியாததா?" என்று விட்டுவிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் முதல் நாளே விளக்குமாற்றைக் கொடுப்பதும் நடக்கிறது. ஆனால் சுருள் அள்ளும்போதுதான் நம் கை சுற்றுகிற மரத்துக்கு மிக அருகில் போகிறது. அதனால் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்வோம்.

சுருள் ஏன் ஆபத்து?

காய்ந்த மரத்தில் சீவல் துண்டு துண்டாகவும் தூளாகவும் விழும். ஈரம் உள்ள பச்சை மரத்தில் நீள நீளமான சுருளாக வரும். அந்தச் சுருள் மரத்திலும் உளி வைக்கும் கட்டையிலும் சுற்றிக்கொள்ளும். கோடு மறைந்துவிடும். உடனே கை தானாகப் போய் அதைப் பிடித்து இழுக்கும். சுருளின் ஒரு நுனி நம் விரலில், மறு நுனி சுற்றுகிற மரத்தில். இழுப்பது நாமா, மிஷினா? மிஷின்தான்.

ஒரு சின்னக் கணக்கு

நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் மிஷின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு 25 சுற்று. ஆபத்தைக் கண்டு நாம் கையை இழுக்கவே கால் நொடி ஆகும். அதற்குள் மரம் 6 சுற்று சுற்றி முடித்திருக்கும். "மாட்டினா டக்குனு இழுத்துக்குவேன்" என்பது நடக்காத காரியம்.

இன்னொரு கணக்கும் போடுவோம். ஒரு தடவை மிஷினை நிறுத்திச் சுத்தம் செய்ய அரை நிமிடம். ஒரு நாளில் 20 தடவை நிறுத்தினாலும் மொத்தம் 10 நிமிடம்தான். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற நமக்கு 10 நிமிடமும் பெரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் விரல் போனால் எத்தனை மாதக் கூலி போகும், குழுக் கடன் தவணையை யார் கட்டுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கரண்ட் போன நேரம்

இது முக்கியமான இடம், கவனமாகப் படியுங்கள். கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும். "சும்மா இருக்கிற நேரத்துல சுருளை அள்ளிடலாம்" என்று உட்காருவோம். சுவிட்ச் போட்டபடியே இருக்கும். திடீரென்று கரண்ட் வந்தால், நாம் தொடாமலே மிஷின் ஓட ஆரம்பித்துவிடும். கை எங்கே இருக்கும்? மரத்தின் மேலேயோ, பெல்ட்டுக்குப் பக்கத்திலேயோ!

கரண்ட் போனதும் முதல் வேலை சுவிட்சை அணைப்பது, அடுத்தது பிளக்கைப் பிடுங்குவது. பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர்களில், கரண்ட் போய் வந்தாலும் பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் மிஷின் ஓடும்படி செய்த வகை உண்டு. புது மிஷின் வாங்கும்போது அந்த வகைதானா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு, அதையே போடச் சொல்லுங்கள். கடன் மனு எழுதும்போதே அந்தச் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.

சுருள் அள்ளும் முறை

1. உளியை எடுத்து ஓரமாக வையுங்கள். பிறகு சுவிட்சை அணையுங்கள்.

2. அணைத்த பிறகும் மரம் சில நொடிகள் சுற்றும். உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தாதீர்கள். தானாக நிற்கட்டும்.

3. பிரஷ் அல்லது குச்சியால் தள்ளுங்கள். விரலால் வேண்டாம். சுருளின் ஓரமும், மரத்தின் சிலாம்பும் தோலைக் கீறும். பிரஷ்ஷில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

4. பெல்ட், புல்லி பக்கம் சேர்ந்ததை எடுக்க, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை நீட்டுங்கள்.

5. வாயால் ஊதாதீர்கள். தூள் கண்ணிலும் மூச்சிலும்தான் போகும்.

6. காலடியில் சேருகிற சுருளை அவ்வப்போது தள்ளிவிடுங்கள். வழுக்கினால் கை முதலில் மிஷினைத்தான் பிடிக்கும்.

7. தரையைக் கூட்டும்போது லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். மோட்டார், வயர் பக்கம் தண்ணீர் படக்கூடாது.

8. அன்றன்றைய சுருளை அன்றன்றே சாக்கில் கட்டி வெளியே வையுங்கள். காய்ந்த சுருள் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

உடுப்பு

முந்தானையை இழுத்துச் செருகுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கூந்தலைக் கொண்டை போட்டுத் துணி கட்டுங்கள். வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி வேண்டாம். தாலிச் சரடைக் கழற்ற மனம் வராதவர்கள் ரவிக்கைக்குள் விட்டு, மேலே ஏப்ரன் கட்டிக்கொள்ளலாம். ஓடுகிற லேத்தில் கையுறை போடக் கூடாது. துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

மரத்தூள் சாதாரணத் தூசி அல்ல. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போடுங்கள். கைக்குழந்தையைப் பட்டறைக்குள் தூங்க வைக்க வேண்டாம்.

அடிபட்டால்

முதலில் சுவிட்சை அணையுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். விரல் துண்டாகிவிட்டால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டு போங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. கண்ணில் தூள் விழுந்தால் கசக்காமல் தண்ணீரில் கழுவுங்கள். சிலாம்பு குத்தியிருந்தால் பிடுங்காமல் டாக்டரிடம் போங்கள். 108-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

சட்டம் சொன்னது

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரையும், பெல்ட், புல்லி போன்ற பாகங்களையும் பெண்களைக் கொண்டு சுத்தம் செய்யக் கூடாது என்று சொன்னது. ஆண்களிலும், பயிற்சி பெற்று இறுக்கமான உடை உடுத்தியவர்தான் ஓடுகிற மிஷின் பக்கம் போய் வேலை பார்க்கலாம் என்றது. அத்தனை வருஷத்துக்கு முன்பே தெரிந்த ஆபத்து இது. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஓடுகிற நம் மிஷினைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. நமக்கு நாமேதான் இன்ஸ்பெக்டர்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் பட்டறையில் சுவிட்ச், வேலை செய்பவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா?
* கரண்ட் போனால் மிஷினை அணைப்பது யார் பொறுப்பு?
* ஒவ்வொரு மிஷினுக்கும் பிரஷ், கண்ணாடி, மாஸ்க் இருக்கிறதா? இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் வாங்குவோம்?
* ஆர்டர் அவசரம் என்று மிஷினை நிறுத்தவிடாமல் யாராவது நெருக்கினால், குழுவாக என்ன பதில் சொல்வோம்?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "மிஷின் நின்ற பிறகே கை" என்று பெரிய எழுத்தில் எழுதி, சுவிட்சுக்கு மேலே ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். கை இருந்தால்தான் கடைசல்!