வலையமைப்புச் சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருள்: அளவுகளைச் சீர்செய்யும் முறை

மாவட்டத் தலைமையிடத்து அலுவலகம் ஒன்றையும், அதனோடு இணைக்கப்பட்ட வட்டார அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்வோம். இவை ஒவ்வொன்றிலும் ரூட்டர், சுவிட்சு முதலிய சாதனங்கள் உள்ளன. தலைமையிடத்துக் கணினி ஒன்று இச்சாதனங்களை முறைவைத்து விசாரித்து, எது இயங்குகிறது, எது நின்றுவிட்டது, எந்த இணைப்பில் எவ்வளவு செய்தி ஓடுகிறது என்பவற்றைத் திரையில் காட்டுகிறது. திரையில் ஒரு புள்ளி சிவந்தவுடன் கள ஊழியர் புறப்படுகிறார். 60 கிலோமீட்டர் பயணம் செய்து சேர்ந்தபின் சாதனம் நலமாக இயங்கக் காண்பாராயின், ஒரு நாள் உழைப்பு வீணாகிறது. இவ்வாறு நான்கைந்து முறை நிகழ்ந்தால் சிவப்புப் புள்ளியை எவரும் பொருட்படுத்தார். பின்னர், மருத்துவ நிலையமொன்றின் இணைப்பு உண்மையிலேயே அறுந்த நாளிலும் அது கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

இந்நிலை ஏற்பட்டதும் “பெரிய கணினி வேண்டும்” என்று எழுதிக் கேட்பது வழக்கம். ஆனால், பல வேளைகளில் குறை கணினியில் இல்லை. மென்பொருளில் நாம் குறித்துள்ள சில அளவுகளிலேயே இருக்கிறது. அக்குறையைக் கண்டறியும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. கணக்கீட்டாளரின் சுற்று

கண்காணிக்கும் மென்பொருளின் வேலை, வீடுதோறும் சென்று மின்மானியைப் படித்தெழுதும் கணக்கீட்டாளரின் வேலையை ஒத்தது. மென்பொருள் ஒரு சாதனத்தை அணுகி, அதன் எண்ணிகளைப் படித்து, ஏட்டில் எழுதிக்கொண்டு அடுத்த சாதனத்துக்குச் செல்கிறது. இவ்வினா விடைக்கென வகுக்கப்பெற்ற விதிமுறையே எஸ்.என்.எம்.பி. என்பது. இதன் முதல் வடிவம் 1988-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஒரு சுற்று தொடங்குவதற்கும் அடுத்த சுற்று தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தைச் ‘சுற்று இடைவெளி’ என்போம். 5 நிமிடம், அதாவது 300 விநாடி, இதற்குப் பெருவழக்கான அளவு. ஒரு சுற்றை முடிக்க உண்மையில் ஆகும் நேரத்தைச் ‘சுற்றுக்காலம்’ என்போம். சுற்றுக்காலம் சுற்று இடைவெளிக்குள் அடங்குதல் வேண்டும். அடங்காவிடில் சில சாதனங்கள் விடுபட்டுப்போகும். வரைபடத்தில் வெற்றிடம் தோன்றும். நலமான சாதனமும் நின்றுவிட்டதாகக் காட்டப்படும். இதுவே பொய்யெச்சரிக்கைக்கு வழி.

2. நல்ல நாளும் கெட்ட நாளும்

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சாதனங்கள் 600. ஒரு சாதனத்தை முழுவதும் படிக்க 2 விநாடி ஆகிறது. ஒரே கணக்கீட்டாளர் இருப்பின் 1,200 விநாடி ஆகும். 300 விநாடிக்குள் முடியாது. ஆகவே, மென்பொருளில் 6 கணக்கீட்டாளர் ஒரே வேளையில் இயங்குமாறு அமைக்கிறோம். இப்பொழுது சுற்றுக்காலம் 1,200 ÷ 6 = 200 விநாடி. கணக்கு சரியாகத் தோன்றுகிறது.

ஒரு நாள் புயலினால் மின்சாரம் தடைப்பட்டு 60 சாதனங்கள் நின்றுவிட்டன எனக் கொள்வோம். பூட்டிய வீட்டின் முன் கணக்கீட்டாளர் நிற்பதுபோல, விடை தராத சாதனத்தின் முன் மென்பொருள் காத்திருக்கிறது. காத்திருப்பு வரம்பு 1 விநாடி, மறுமுயற்சி 5 எனில், முதல் முயற்சியையும் சேர்த்து ஒரு வினாவுக்கு 6 விநாடி வீணாகும். ஒரு சாதனத்திடம் கேட்கவேண்டிய வினாக்கள் பத்து என்றால், பத்தையும் கேட்டு ஏமாறுவதற்கு 60 விநாடி. 60 சாதனங்களுக்கு 3,600 விநாடி. எஞ்சிய 540 சாதனங்களுக்கு 1,080 விநாடி. மொத்தம் 4,680 விநாடியை 6-ஆல் வகுக்க 780 விநாடி வருகிறது. ஐந்து நிமிடத்தில் முடியவேண்டிய சுற்றுக்கு 13 நிமிடம் ஆகிறது!

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது யாதெனில், நலமான சாதனங்களைப் படிப்பதில் அன்று நேரம் கூடவில்லை. நின்றுபோனவற்றின் முன் நின்றதிலேயே நேரம் போயிற்று. கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் நாளிலேயே அது தளர்ந்துவிடுகிறது. ஆகவே அளவுகளை நல்ல நாளுக்கென்று அமைத்தல் தவறு. கெட்ட நாளுக்கென்றே அமைத்தல் வேண்டும்.

பரிகாரம் எளிது. முதலில் ஒரு சிறு வினாவை மட்டும் கேட்டு, விடை வாராவிடில் அச்சாதனத்தை அச்சுற்றில் விட்டுவிடுமாறு மென்பொருளை அமைக்கவேண்டும். காத்திருப்பு வரம்பு 2 விநாடி, மறுமுயற்சி 1 எனக் கொண்டால், நின்ற சாதனம் ஒவ்வொன்றுக்கும் 4 விநாடியே ஆகும். அப்பொழுது மொத்தம் 240 + 1,080 = 1,320 விநாடி; சுற்றுக்காலம் 220 விநாடி. புதிய கணினி எதுவும் வாங்காமலே சுற்று மீண்டும் அடங்கிவிட்டது.

நின்ற 60 சாதனங்களும் ஒரே மேலிணைப்பைச் சார்ந்தவையாக இருத்தல் கூடும். எந்தச் சாதனம் எதன் வழியாக எட்டப்படுகிறது என்பதை மென்பொருளில் முன்னரே பதிந்துவைப்பின், 60 எச்சரிக்கைக்குப் பதிலாக மேலிணைப்பைப் பற்றிய ஒரே எச்சரிக்கை வரும். கள ஊழியரும் செல்லவேண்டிய ஓரிடத்துக்கு நேரே செல்வார்.

3. காத்திருப்பு வரம்பை மிகவும் குறைக்கலாகாது

எஸ்.என்.எம்.பி. வினாக்கள் பொதுவாக யு.டி.பி. என்னும் முறையில் செல்வன. இம்முறையில் வினா வழியில் தொலைந்தாலும் தொலைந்தது என்று தெரிவிப்பார் இல்லை. ஆதலால் மறுமுயற்சியை அடியோடு நீக்குதல் கூடாது. ஒன்றாவது இருத்தல் நலம்.

வரம்பை மிகக் குறைப்பதும் ஆபத்தே. புவிநிலைச் செயற்கைக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. வினா மேலேறி இறங்கவும், விடை மேலேறி இறங்கவும், ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர் கடக்கவேண்டும். ஒளியின் வேகம் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். ஆகவே, சாதனம் உடனே விடையளித்தாலும் அரை விநாடிக்குச் சற்றே குறைந்த நேரம் பயணத்துக்கே ஆகிவிடும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி தொடங்கிவைக்கப்பெறும் வரை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொடர்பு செயற்கைக் கோள்களையே பெரிதும் சார்ந்திருந்தது. அத்தகைய இடத்துச் சாதனத்துக்குக் காத்திருப்பு வரம்பை 0.4 விநாடி என்று குறித்தால், அது எந்நாளும் இறந்ததாகவே காட்டப்படும். ஆதலின் கம்பிவழிச் சாதனங்களையும் செயற்கைக் கோள்வழிச் சாதனங்களையும் வெவ்வேறு குழுக்களாகப் பிரித்து, பின்னவற்றுக்கு 2 அல்லது 3 விநாடி அளித்தல் முறையாகும்.

4. தொகுத்துக் கேட்டல்

48 வாயில்களையுடைய சுவிட்சு ஒன்றில் வாயிலுக்குப் பத்து அளவாக 480 அளவுகளைப் படிக்கவேண்டும் எனக் கொள்வோம். ஒரு வினா சென்று விடை வர 20 மில்லிவிநாடி ஆகிறது. ஒவ்வொன்றாகக் கேட்டால் 9.6 விநாடி. 1993-இல் வெளியான எஸ்.என்.எம்.பி. இரண்டாம் பதிப்பில் பல அளவுகளை ஒரே வினாவில் கேட்கும் வசதி உண்டு. இருபது இருபதாகக் கேட்டால் 24 வினாக்கள் போதும். பயணத்துக்கு ஆகும் நேரம் அரை விநாடிக்கும் குறைவு. ஆயினும் தொகுதியை அளவு மீறிப் பெருக்கலாகாது. பழைய சாதனங்களின் சிறு செயலி திணறும். விடை 1,500 பைட்டைக் கடந்தால் வழியில் துண்டாக்கப்பட்டு, ஒரு துண்டு தொலைந்தாலும் முழு விடையும் பயனற்றுப்போகும்.

5. எண்ணி நிரம்பித் திரும்புதல்

மின்மானியின் இலக்கங்கள் யாவும் ஒன்பதானபின் மீண்டும் சுழியிலிருந்து தொடங்குவதுபோல, சாதனத்தின் எண்ணியும் நிரம்பித் திரும்பும். 32 பிட் எண்ணி 4,29,49,67,296 பைட் எண்ணியபின் சுழியாகும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு முழு அளவில் ஓடினால் 344 விநாடியில் இது நிகழும். 300 விநாடிச் சுற்றுக்கு அது போதும். ஆனால் 1 கிகாபிட் இணைப்பில் 34 விநாடியிலேயே எண்ணி திரும்பிவிடும். ஒரு சுற்றுக்குள் எட்டு முறை திரும்பினால், இரு அளவுகளின் வேற்றுமையைக் கொண்டு உண்மையை அறிய இயலாது. நிரம்பி வழியும் இணைப்பு, பெரும்பாலும் காலியாக இருப்பதுபோல் வரைபடத்தில் தோன்றும். இத்தகைய இணைப்புகளுக்கு 64 பிட் எண்ணிகளையே படிக்கவேண்டும். முதற் பதிப்பு விதிமுறையில் இவ்வெண்ணிகள் இல்லை. ஆதலால் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தல் அவசியம்.

6. ஏடெழுதும் வேலையும் கணினியின் உறுப்புகளும்

படித்ததை எழுதவும் நேரம் வேண்டும். 600 சாதனங்களில் சாதனத்துக்கு 30 வாயில், வாயிலுக்கு 2 அளவு எனில், சுற்றுக்கு 36,000 அளவுகள். அதாவது விநாடிக்கு 120. 1999-இல் வெளிவந்த ஆர்.ஆர்.டி.டூல் போன்ற சேமிப்பு முறையில், அளவு ஒவ்வொன்றுக்கும் தனிக்கோப்பு வைத்தால், விநாடிக்கு 120 சிறு எழுத்து வேலைகள் வெவ்வேறு இடங்களில் நிகழவேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில் முள் இடம் மாறவும், தட்டு சுழன்று வரவும் ஏறத்தாழ 12 மில்லிவிநாடி ஆவதால், விநாடிக்கு 80 வேலைகளே இயலும். எனவே வன்தட்டு பின்தங்கும். பல சுற்றுகளின் அளவுகளை நினைவகத்தில் திரட்டி ஒருங்கே எழுதும் இடைச்சேமிப்பை அமைத்தல் முதற்பரிகாரம். அது போதாவிடில் சுழலும் பகுதியற்ற எஸ்.எஸ்.டி. தட்டை வாங்கலாம்.

எந்த உறுப்பில் குறையுள்ளது என்பதைப் பின்வருமாறு பகுத்தறியலாம்:

(அ) செயலி ஓய்ந்திருக்கிறது. வன்தட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் மிகுதி: குறை வன்தட்டில்.

(ஆ) செயலி முழுதும் ஈடுபட்டிருக்கிறது: கணக்கீட்டாளர் தொகை மிகுதி, அல்லது செயலி போதாது.

(இ) செயலியும் வன்தட்டும் ஓய்ந்திருக்கின்றன. எனினும் சுற்றுக்காலம் நீள்கிறது: மென்பொருள் விடைக்காகக் காத்து நிற்கிறது. காத்திருப்பு வரம்பு, மறுமுயற்சி, கணக்கீட்டாளர் தொகை ஆகியவற்றையே திருத்தவேண்டும். இந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினும் பயன் இராது.

7. செய்முறை வரிசை

முதலாவது, ஒரு வாரம் சுற்றுக்காலத்தை நாள்தோறும் குறித்துவருக. இரண்டாவது, விலக்கப்பட்ட சாதனங்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குக. அவை ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைத் தின்பவை. மூன்றாவது, காத்திருப்பு வரம்பையும் மறுமுயற்சியையும் குழுவாரியாகத் திருத்துக. நான்காவது, தொகுத்துக் கேட்டலை அமைக்க. ஐந்தாவது, கணக்கீட்டாளர் தொகையைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. இவற்றுக்குப் பின்னரே புதிய உறுப்புகளை நாடுக. ஒரு வேளையில் ஓர் அளவையே மாற்றி, பழைய அளவு, புதிய அளவு, தேதி, விளைவு ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று பின்னர் அறிய வழியில்லை. கெட்ட நாளிலும் சுற்றுக்காலம் இடைவெளியின் முக்கால் பங்கைத் தாண்டாதவாறு அமைப்பது பாதுகாப்பானது. 300 விநாடிக்கு அது 225 விநாடி.

8. வகுப்பறையில்

ஆசிரியர் இதனைக் கருவி ஏதுமின்றிச் செய்து காட்டலாம். இருபது மாணவரைச் சாதனங்களாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஓர் எண் எழுதிய சீட்டைக் கொடுக்க. ஒரு மாணவர் வரிசையாகச் சென்று எண்ணைக் கேட்டெழுதட்டும். ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்க. பின்னர் நால்வரை மௌனமாயிருக்கச் சொல்லி, அவர் ஒவ்வொருவரிடமும் மும்முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஐந்து எண்ணும் வரை காத்திருக்குமாறு விதித்துச் சுற்றை மீண்டும் நடத்துக. நேரத்தைத் தின்றவர் பேசிய பதினாறு பேரல்லர், பேசாத நால்வரே என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

பயிற்சி: சாதனங்கள் 400; ஒன்றைப் படிக்க 2 விநாடி; நின்றுபோனவை 40; காத்திருப்பு வரம்பு 2 விநாடி; மறுமுயற்சி 2; முதல் வினாவிலேயே விலகும் ஏற்பாடு உண்டு. 4 கணக்கீட்டாளர் போதுமா?

விடை: நலமானவற்றுக்கு 720 விநாடி; நின்றவற்றுக்கு 40 × 6 = 240 விநாடி; மொத்தம் 960. நால்வருக்குச் சுற்றுக்காலம் 240 விநாடி. இது 300-க்குள் அடங்கினும் முக்கால் பங்கைத் தாண்டுகிறது. ஐவர் இருப்பின் 192 விநாடியாகும். ஆகவே ஐவரை அமைத்தலே தக்கது.