பழைய நாற்காலிக்கு நானே குஷன் போடலாமா?

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அப்பா வாங்கிப் போட்ட தேக்கு டைனிங் நாற்காலிகள் ஆறு வீட்டில் இருக்கின்றன. கட்டை கல்லு மாதிரி இருக்கிறது. குஷன்தான் அமுங்கிப்போய் உட்கார்ந்தால் பலகை இடிக்கிறது. ரெக்ஸின் உரிந்து வேட்டியில் ஒட்டுகிறது. கடையில் கேட்டால், "ரிப்பேர் செலவுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நானே கற்றுக்கொண்டு செய்யலாமா? தையல் மெஷின் வேண்டுமா? 61 வயதில் ஆரம்பிக்கக்கூடிய வேலையா இது? எனக்குச் சர்க்கரை உண்டு. கை பழகிவிட்டால் தெரிந்தவர்களுக்கும் செய்துகொடுக்க ஆசை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக ஆரம்பியுங்கள். கட்டை ஆடாமல் நிற்கிறது என்றால் நாற்காலியில் விலை மதிப்புள்ள பாகம் பழுதில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். மேலே உள்ள ஸ்பாஞ்சும் துணியும் என்றைக்கு இருந்தாலும் மாற்ற வேண்டியவைதான். அதற்காகத் தேக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு, அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த புது நாற்காலியை வாங்கச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. டைனிங் நாற்காலியின் இருக்கை குஷன் வேலையிலேயே எளிதானது. அதில் தையலே கிடையாது. மெஷினைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் துணிக்கடையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் பிரிப்பதில் ஆரம்பியுங்கள். உங்களுக்கு வேண்டிய பாடம் முழுவதும் பழைய இருக்கைக்குள்ளேயே இருக்கிறது. எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு வந்தது, துணியை எவ்வளவு உள்ளே மடித்தார்கள், மூலையில் மடிப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்பதையெல்லாம் அதைச் செய்த கைவேலைக்காரரே உங்களுக்குக் காட்டுவார். அவசரமாகப் பிய்த்துப் போட்டால் அவ்வளவும் குப்பையோடு போய்விடும்.

ஆறில் மிக மோசமான நாற்காலியை எடுத்து மேஜைமேல் கவிழ்த்துப் போடுங்கள். அடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் இருக்கை தனியாக வந்துவிடும். அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு, அதே எண்ணை நாற்காலிச் சட்டத்திலும் எழுதுங்கள். ஆசாரி கையால் செய்த நாற்காலிகள் ஆறும் ஒரே அளவில் இருக்காது. ஒன்றின் இருக்கை இன்னொன்றில் உட்காராமல் போகலாம். பிறகு அடியில் தெரிகிற ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பின்னுக்கு அடியில் நுழைத்து லேசாகத் திருகினால் ஒரு கால் கிளம்பும். மறு காலைப் பிளையரால் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும். இந்த ஒரு வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரு இருக்கையைப் பிரிப்பதற்கு ஆகிற நேரம் அதை மறுபடி மூடுவதற்கு ஆகாது.

பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு அடுக்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரெக்ஸினுக்கு அடியில் இன்னொரு ரெக்ஸின் இருக்கலாம். பழையதை எடுக்காமல் மேலேயே போர்த்திவிடுவது பரவலான பழக்கம். உங்கள் அப்பா காலத்து நாற்காலி என்பதால் அதற்கும் கீழே கோணித் துணி, தேங்காய் நார், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சணல் பட்டை எல்லாம் வரலாம். நார் மக்காமல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். வெயிலில் காயவைத்து, கையால் பிரித்து உதறினால் அது மறுபடி எழும்பும். ஸ்பாஞ்சாக இருந்தால் மஞ்சளாகிப் பொடிப் பொடியாக உதிரும். அதனால் பிரிக்கிற வேலையை வாசலிலோ மொட்டை மாடியிலோ முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருந்த இடம் அது. அந்தத் துணியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சட்டத்தில் சிறு துளைகளும் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுத்திருக்கிறது. குஷனுக்கு முன்னால் அதற்கு மருந்து அடித்தாக வேண்டும்.

ஸ்பாஞ்சு வாங்கும்போது விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'டென்சிட்டி' எவ்வளவு என்று கேளுங்கள். 40 டென்சிட்டி என்றால் அந்த ஸ்பாஞ்சில் ஒரு கன மீட்டர் 40 கிலோ எடை இருக்கும். எடை கூடக் கூட உள்ளே சரக்கு அதிகம். பல வருடம் உட்கார்ந்தாலும் சீக்கிரம் அமுங்காது. இருக்கைக்கு 40, இரண்டு அங்குலக் கனம் போதும். முதுகுப் பக்கத்துக்கு 32 தாங்கும். பலகையை ஸ்பாஞ்சுமேல் வைத்து மார்க்கரால் கோடு இழுத்து, கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே வெட்டுங்கள். துணியை இழுக்கும்போது அந்தக் கால் அங்குலம் விளிம்பில் மடங்கி ஓரத்தைத் திடமாக வைத்திருக்கும்.

உங்கள் வேட்டியில் ஒட்டுகிற ரெக்ஸினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா காலத்துக்குப் பிறகு யாரோ மாற்றிப் போட்டது அது என்று நினைக்கிறேன். தோல் மாதிரியே மெத்தென்று இருக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுத் துணிகள் காற்றிலுள்ள ஈரத்தில் சிதைகின்றன. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடங்களிலேயே மேல்பூச்சு செதில் செதிலாக உரியும். பழைய பிவிசி ரெக்ஸின் அப்படி உரியாது. ஆனால் நாளாக ஆக விறைத்து வெடிக்கும். வெயில் காலத்தில் முதுகில் ஒட்டும். என் தேர்வு கனமான பருத்தித் துணிதான். வீட்டு உபயோகத் துணிக்குப் பேர்போன கரூர் உங்களுக்கு எட்டாத தூரமில்லை. குஷன் துணி 54 அங்குல அகலத்தில் வரும். இருக்கை 18 அங்குலச் சதுரம் என்றால் நாலு பக்கமும் நாலு நாலு அங்குலம் சேர்த்து ஒரு துண்டு 26 அங்குலம். அகலத்தில் இரண்டு துண்டு வரும்; ஆறு இருக்கைக்கு இரண்டு மீட்டர். ஓரம் கோணலாக வெட்டியிருப்பார்கள் என்பதால் இரண்டே கால் வாங்குங்கள். பெரிய பூப்போட்ட துணி என்றால் பூவை ஆறிலும் நடுவில் கொண்டுவர இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மிகத் தடிமனான துணியும் வேண்டாம். சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளி சிறியது, திரும்பப் போடும்போது உட்காராது.

முதல் தடவை நல்ல துணியில் கை வைக்காமல் காடாத் துணியில் பழகுங்கள். அதில் பென்சிலால் அங்குலத்துக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். துணியை எங்கே அதிகம் இழுத்தீர்களோ அங்கே கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். வெற்றுத் துணியில் இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் அலை மாதிரித் தெரியும்போதுதான் புரியும். முதல் பின் முன்பக்க நடுவில், அடுத்தது பின்பக்க நடுவில், பிறகு இரு பக்கங்களின் நடுவில். அங்கிருந்து மூலையை நோக்கி மாற்றி மாற்றிப் போய், மூலைக்கு இரண்டு அங்குலம் முன்னால் நிறுத்திவிடுங்கள். மூலைகள் நான்கும் கடைசியில். மூலையில் துணியின் நுனியை நேராக உள்பக்கம் இழுத்து ஒரு பின் அடித்து, இரண்டு பக்கமும் மிஞ்சுகிற துணியைச் சிறு மடிப்பாக மடித்துப் பின் அடியுங்கள். மடிப்பு முன்பக்கமிருந்து பார்க்கத் தெரியாமல் பக்கவாட்டில் விழ வேண்டும். திருப்தியாக வந்தால் காடாவைக் கழற்ற வேண்டாம். அதன்மேலேயே நல்ல துணியைப் போடலாம், ஸ்பாஞ்சில் துணி உரசித் தேயாது.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஸ்டேப்ளர் கன், நல்ல கூர்மையான பெரிய கத்தரிக்கோல், பிளையர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல். பின் 8 மி.மீ. போதும், ஆனால் உங்கள் இருக்கைப் பலகை அதைவிட மெல்லியதாக இருந்தால் பின் மேலே குத்திக்கொண்டு வரும், முதலில் அளந்து பாருங்கள். கையால் அமுக்குகிற கன் விலை குறைவு என்றாலும் உங்கள் வயதில் மின்சார கன்னுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம். ஒரு நாற்காலிக்கு ஐம்பது, அறுபது தடவை அமுக்கினால் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிடும்.

சர்க்கரை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் தரையெல்லாம் பின்னும் ஆணியும் சிதறும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும். எனவே வெறுங்காலோடு ஒருபோதும் வேலை செய்யாதீர்கள், ரப்பர் செருப்பும் போதாது, அடி கனமான ஷூ வேண்டும். எடுக்கிற பின்களை உடனே ஒரு டப்பாவில் போடுங்கள். வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் தரையில் இழுத்துவிட்டு, பிறகு பெருக்குங்கள். அன்று இரவு இரண்டு பாதங்களையும் பார்த்துவிட்டுப் படுங்கள். தரையில் உட்கார்ந்து குனிந்து செய்ய வேண்டாம், இடுப்பளவு மேஜையில் நின்றுகொண்டு செய்யுங்கள். ஸ்பாஞ்சை எஸ்.ஆர். என்கிற ரப்பர் பசையால் ஒட்டுவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பங்கரையிலிருந்து விலகியே ஒட்டுங்கள். அதன் ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும்.

தெரிந்தவர்களுக்குச் செய்துகொடுப்பது பற்றி: ஆறு நாற்காலியும் முடிந்து, அவற்றில் ஒரு வருடம் நீங்கள் உட்கார்ந்து பார்க்கும்வரை வேண்டாம். குஷன் எப்படி அமுங்குகிறது, துணி எங்கே தளர்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகும் காசு வாங்காமல் ஊருக்கெல்லாம் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. தெருமுனை குஷன் கடைக்காரருக்கு இதுதான் சோறு. அவரிடமே ஸ்பாஞ்சும் பின்னும் வாங்குங்கள். ஓய்ந்த நேரத்தில் அவர் கடையில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பைப்பிங் வைத்துத் தைப்பது, பட்டன் குஷன், ஸ்பிரிங் கட்டுவது எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும். அந்தக் கட்டத்துக்கு வரும்போது வீட்டில் கால் மெஷின் இருந்தால் பருத்தித் துணிக்கு 16-ஆம் நம்பர் ஊசியோடு அதுவே போதும்.

இந்த வாரம் ஒரு நாற்காலியை மட்டும் பிரியுங்கள். மற்ற ஐந்தையும் தொடாதீர்கள். வீட்டில் உட்கார இடம் வேண்டும், பார்த்துச் செய்ய மாதிரியும் வேண்டும். மூலை மடிப்பில் சிக்கினால் மேலிருந்து ஒரு படம், அடியிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். துணி எங்கே இழுபட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.