முகாமுக்கு முன்னும் பின்னும்

ரோட்டரி சங்கம் என்றால், ஹோட்டலில் விருந்துண்டு, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு, மறுநாள் பத்திரிகையில் படம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் செல்வந்தர்களின் கூட்டம் என்று எண்ணுகிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அந்த அபிப்பிராயம் முழுவதும் பொய் என்று சாதிக்க நான் முன்வரமாட்டேன். தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிறு பட்டணத்தில் இச்சங்கத்தின் அங்கத்தினனாகவும், சில காலம் காரியதரிசியாகவும், பின்னர் தலைவனாகவும் இருந்து நான் கண்ட அளவில், விருந்தும் பொன்னாடையும் படமும் உண்மைதான். ஆனால் சங்கத்தின் மெய்யான காரியம் படம் எடுப்பவர் வருவதற்கு முன்னும் அவர் போன பின்னுமே நடக்கிறது. அதைக் குறித்து, புதிதாகப் பொறுப்பேற்கிறவர்களுக்குப் பிரயோஜனமாகக்கூடிய சில சங்கதிகளை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஸ்தாபனம் பிறந்த கதையே சுவையானது. சிறிய ஊரொன்றில் வளர்ந்து சிகாகோவுக்கு வந்து வக்கீல் தொழில் நடத்திய பால் ஹாரிஸ் என்பவர், தம் ஊரில் கண்ட சிநேகபாவம் அந்த மாநகரத்துத் தொழில்காரர்களிடையே இல்லையே என்று ஏங்கி, மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1905 பிப்ரவரி 23-ஆம் தேதி முதற் கூட்டத்தைக் கூட்டினார். சிநேகம் முந்தியது, சேவை பிந்தியது. அப்படிப் பிந்தி வந்த முதற் சேவையும், 1907-இல் அந்நகரத்தில் பொதுமக்களுக்குக் கழிப்பிடம் அமைப்பதற்காகச் செய்த முயற்சிதான். மேடையேறி ரோட்டரியின் பெருமைகளை அடுக்கும் பிரசங்கிகள் இந்தக் கழிப்பிடத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள். எனக்கோ, அதைக் காட்டிலும் கௌரவமான ஆரம்பம் ஒரு பொதுச் சங்கத்துக்கு இருக்க முடியும் என்று தோன்றவில்லை. 1920-இல் கல்கத்தாவிலும் 1929-இல் சென்னையிலும் வேரூன்றிய பிறகுதான் ரோட்டரி படிப்படியாக எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு வந்தது. இதற்கு இணையாக நம் நாட்டில் பரவியிருக்கும் லயன்ஸ் சங்கத்தின் வரலாற்றிலும் ஒரு சம்பவம் கவனிக்கத்தக்கது. 1917-இல் தோன்றிய அச்சங்கத்தின் மாநாடு 1925-இல் ஒஹையோ மாகாணத்துச் சீடார் பாயின்ட்டில் கூடியபோது, விருந்தினராக வந்த ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்கான பணியை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டினார். அன்று தொட்டு இன்று வரை கண் சம்பந்தமான காரியமே அந்தச் சங்கத்தின் தலையாய காரியமாக இருந்துவருகிறது.

ஒரு விருந்தினரின் பேச்சு ஒரு ஸ்தாபனத்தையே திருப்பிவிட வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நம் வாரக் கூட்டங்களில் விருந்தினரை நாம் அழைக்கும் முறை எப்படி இருக்கிறது? யார் பதவியில் இருக்கிறார், யாரிடம் நாளைக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பார்த்து அழைக்கிறோம். அவரும் பெரிய மனிதர். முக்கால் மணி நேரம் தாமதித்து வருவார். அவரை அறிமுகப்படுத்தும் அங்கத்தினர் அவர் படித்த பள்ளிக்கூடம் முதல் வாங்கிய விருதுகள் வரை ஒன்று விடாமல் வாசித்து முடிப்பதற்குள் சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசனை எழும். அதன் பிறகு வியாசரே வந்து உபந்நியாசம் செய்தாலும் கேட்பார் இரார். ஆகவே காரியதரிசிக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பேச வருபவருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிவிடுவது: கேட்பவர்கள் இன்னின்ன தொழில்காரர்கள், பேச்சுக்கு இருபது நிமிஷம், கேள்விகளுக்குப் பத்து நிமிஷம், தாங்கள் தங்கள் வேலையில் நாள்தோறும் காண்பதைச் சொன்னால் போதும் என்று. கடைசி வாக்கியந்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் வைத்தியரும் பண்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

என் அனுபவத்தில் மிகச் சிறந்த பேச்சுகளைப் பேசியவர்கள், அழைப்பிதழில் பெயர் போட்டால் யாருக்கும் தெரியாதவர்களே. ரத்த வங்கியில் பணிபுரியும் ஒரு தொழில்நுட்பர் ஒருநாள் வந்தார். மேடைக் கூச்சம் மிகுந்தவர். முகவுரை ஒன்றும் சொல்லாமல், பையிலிருந்து ஒரு வெறும் ரத்தப் பையை எடுத்து எங்களிடம் கொடுத்து, ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்க்கச் சொன்னார். ரத்தம் உறையாதிருப்பதற்காக அதனுள் முன்னமே ஊற்றியிருக்கும் திரவம் உள்ளங்கையில் குளிர்ச்சியாகத் தளும்பியது. ‘இதில் வாங்குகிற ரத்தத்தைப் பிரிக்கும்போது சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம், ஆனால் டெங்குக் காய்ச்சல்காரர்களுக்கும் புற்றுநோய்க்காரர்களுக்கும் தேவைப்படும் தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்குவதில்லை. நீங்களெல்லாரும் அக்டோபர் முதல் தேதியன்று ஒரே நாளில் கூட்டமாக வந்து கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். நவம்பரில் மழைக் காய்ச்சல் வரும்போது நான் யாரைத் தேடுவேன்?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மொத்தம் பத்து நிமிஷம் பேசியிருப்பார்.

அந்த ஒரு கேள்வியால் எங்கள் ரத்ததான முகாம்களின் கால அட்டவணையே மாறியது. தேசிய தன்னார்வ ரத்ததான தினமாகிய அக்டோபர் 1-ஆம் தேதியைக் கைவிடாமலே, வருஷத்தின் மற்றப் பருவங்களுக்கும் பிரித்துச் சிறு சிறு முகாம்களாக வைத்தோம். அதைவிட மேலாக, அரிய வகை ரத்தமுடைய அங்கத்தினர்கள், அவர்கள் பிள்ளைகள், கடைச் சிப்பந்திகள் ஆகியோரின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்து, முகாமில் ரத்தம் எடுக்காமல், வங்கி கூப்பிடும்போது போய்க் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தோம். எண்ணிக்கை குறைந்தது, மாவட்ட மாநாட்டில் கேடயம் கிடைக்கவில்லை. வங்கிக்கு அதனால் அனுகூலம் மிகுந்தது. இதில் ஒரு நடைமுறைச் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன்: பதினெட்டு வயது நிறைந்து, 45 கிலோ எடைக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராம் அளவாவது உள்ளவரே ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கல்லூரிகளில் முகாம் வைத்தால், ஹீமோகுளோபின் போதாமல் திருப்பி அனுப்பப்படும் பெண் பிள்ளைகளே அதிகம் என்பதைக் காண்பீர்கள். அவர்களை வெறுமனே அனுப்பிவிடாமல் வைத்தியரிடம் காட்டி இரும்புச்சத்து மாத்திரைக்கு வழி செய்வது, ரத்தம் சேகரிப்பதற்குச் சற்றும் குறையாத சேவையாகும்.

இனிக் கண் சிகிச்சை முகாம். தென் தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசுகிறவன் மதுரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துக்கே போய்க் கண்புரை நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து, இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடும் முறை அதனால் ஊருக்கு ஊர் பரவியது. இம்முறையில் வைத்தியம் அவர்களுடையது. ஜனங்களை வரவழைப்பது, பள்ளிக்கூடத்தைப் பேசி வைப்பது, பெஞ்சும் குடிதண்ணீரும் மத்தியான்னச் சாப்பாடும் ஏற்பாடு செய்வது எல்லாம் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. கேட்பதற்கு எளிது.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் அறிவித்தால் கூட்டம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நடவு, அறுப்புக் காலங்களை மறந்துவிடுகிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்து பேசிய ஒரு கிராம சுகாதாரச் செவிலி சொன்னதைப் போல, கிழவிகள் முகாமுக்கு வராதிருப்பதற்குக் காரணம் கத்திக்குப் பயப்படுவது மட்டுமன்று. வேலைக்குப் போகும் மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இராது. அஷ்டமி, நவமியில் யாரும் வீட்டை விட்டுப் புறப்படமாட்டார்கள். முதியவர்களின் கண்ணைக் காட்டிலும் பஞ்சாங்கத்தைச் சங்கத்தார் முதலில் பார்க்க வேண்டும். மாற்றுத் துணி, ஆதார் அட்டை நகல், வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டு வருதல் ஆகிய நான்கையும் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடாவிட்டால், சிகிச்சைக்குத் தேர்வானவர்களில் ஒரு பகுதியினர் ‘வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்’ என்று போய், வராமலே இருந்துவிடுவார்கள்.

ஒரு முகாமில், இரண்டு கண்ணும் மங்கிப்போன ஒரு மூதாட்டி, பஸ் வாசல் வரை வந்துவிட்டு ஏற மறுத்தாள். டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள், பஞ்சாயத்துத் தலைவரும் சொன்னார், அசையவில்லை. எங்கள் அங்கத்தினராகிய அரிசி ஆலைக்காரர் அருகில் போய் மெதுவாகக் காரணம் கேட்டார்.

‘என் ஆட்டை யாருய்யா பாப்பா? சினை ஆடுல்லா அது.’

‘ஆச்சி, நம்ம மில்லுல தவிடு கொட்டிக் கிடக்கு. ஆட்டை அங்கன கட்டிப் போடுதேன். நீங்க போய்க் கண்ணைப் பாத்துட்டு வாங்க.’

அவள் ஏறினாள்; அவரும் சொன்னபடியே செய்தார். திரும்பி வந்தவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதலில் ஆட்டைத்தான் பார்த்தாள். ‘மெலிஞ்சு போச்சே’ என்று ஆலைக்காரரைக் கடிந்துகொண்டும் போனாள். நன்றி எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த உத்தியோகம் ஒத்துவராது.

அறுவைச் சிகிச்சையோடு காரியம் முடிந்ததென்று எண்ணுவதுதான் பெரும்பாலான சங்கங்களின் வழக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும். கண்ணில் அழுக்குத் தண்ணீர் படக் கூடாது. ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வர வேண்டும். இவற்றைத் தனியாக இருக்கும் கிழவனுக்கு யார் நினைவூட்டுவது? ஐந்து நோயாளிகளுக்கு ஓர் அங்கத்தினர் என்று பங்கிட்டுக் கொடுத்து, அவர் நேரில் போய்ப் பேரப்பிள்ளைக்குச் சொட்டு மருந்து விடக் கற்றுக் கொடுத்து வருவது எங்கள் ஏற்பாடு. இதைக் காட்டிலும் முக்கியமானது இன்னொரு ஜாபிதா. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ மிகுந்திருப்பதால் ‘இப்போது சிகிச்சை கூடாது’ என்று ஒரு சீட்டுடன் திருப்பி அனுப்பப்படுகிறார்களே, அவர்களுடைய பெயர்களை எந்த அறிக்கையிலும் காணமுடியாது. உண்மையில் முகாமுக்கு வந்தவர்களுள் அதிக அபாயத்தில் இருப்பவர்கள் அவர்களே. அவர்களைத் தனி நோட்டில் எழுதிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் திட்டத்தின் ஏட்டில் பெயர் ஏறுவதற்கு யாராவது ஒருவர் கூடப் போக வேண்டியிருக்கிறது.

போலியோவைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. அது உலகறிந்த வரலாறு. 1985-இல் ரோட்டரி மேற்கொண்ட சங்கற்பம், 1995-இல் இந்தியாவில் தொடங்கிய சொட்டு மருந்து நாட்கள், 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட கடைசி நோயாளி, 2014 மார்ச் 27-ஆம் தேதி தென்கிழக்கு ஆசியாவுக்கே கிடைத்த நற்சான்று என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். அந்த வாக்கியத்துக்குள், பஸ் நிலையத்தில் வெயிலில் நின்று, குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்து, விட்டுப்போன வீடுகளைத் தேடி மறுநாள் நடந்த எண்ணிறந்த செவிலியர்களும் தொண்டர்களும் அடங்கியிருக்கிறார்கள்.

அங்கத்தினர்களின் கேளிக்கைகளைப் பரிகசிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போவதும், தாமதமாக வந்தவருக்கும் பத்திரிகையில் படம் வந்தவருக்கும் வேடிக்கையாக அபராதம் விதிப்பதும் வீண் பொழுதன்று. ஆலைக்காரரும் ஆடிட்டரும் அச்சகத்தாரும் லாரி முதலாளியும் ஒருவரையொருவர் உரிமையோடு ஏவக்கூடிய பழக்கம் அங்கேதான் உண்டாகிறது. நன்கொடைச் சீட்டு எழுதுபவரைவிடத் தம் தொழிலையே கொடுப்பவர் சங்கத்துக்கு மேலான செல்வம். அவரிடம் நள்ளிரவில் வண்டி கேட்பதற்குச் சிநேகம் வேண்டும். 1989-இல் பெண்களுக்கும் ரோட்டரியில் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் அது நடைமுறைக்கு வரச் சற்றுக் காலம் பிடித்தது. முகாமின் பதிவு மேஜையில் ஒரு பெண் அங்கத்தினர் உட்கார்ந்த பிறகுதான், வந்த ஸ்திரீகள் தங்கள் மற்ற உபாதைகளையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு சேவையைச் சொல்கிறேன். நம்மவர் வீட்டில் துஷ்டி என்றால் முதலில் போய் நிற்பவர்கள் சங்கத்து நண்பர்களே. மாலையை வாங்குவதற்கு முன் அந்த வீட்டுப் பெரியவரைத் தனியே அழைத்துக் கண்தானத்தைப் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலோர் மறுப்பதில்லை, கேட்பாரில்லாமலே கண்கள் வீணாகின்றன. உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைத்தால் போதும். வயதோ, மூக்குக் கண்ணாடியோ, முன்பு செய்த கண்புரைச் சிகிச்சையோ இதற்குத் தடையில்லை. வருகிற ஜூலை முதல் தேதி பதவியேற்கப்போகும் காரியதரிசிகள், பதவியேற்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்னர், தங்கள் ஊருக்கு அருகிலுள்ள கண் வங்கியின் தொலைபேசி எண்ணை அங்கத்தினர் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் பதிவு செய்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.