மகனில் தொடங்கும் மகள் பெயர்

கேள்வி: முதலிபாளையம் சிட்கோவில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். அமெரிக்கா போகும் பெண் குழந்தை டி-ஷர்ட் ஒன்றின் ஹேங்டேக்கில், ஸ்டைல் பெயர் ‘மெக்கன்சி’ என்று இருக்கிறது. ஓலைச்சுவடி சேர்த்த மெக்கன்சி ஆண் ஆயிற்றே? இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?
— வாசகி, முதலிபாளையம்

பதில்: அவர் ஆண்தான். பெயரும் ஆண்பிள்ளையைச் சொல்வதுதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மாக் கோய்னிஹ்’ என்பது குடும்பப் பெயர். ‘மாக்’ என்றால் மகன். ‘கோய்னிஹ்’ என்றால் அழகன். ஆங்கிலத்தில் கென்னத் என்கிறார்களே, அதே பெயர். ஆக, மெக்கன்சி என்றால் அழகன் மகன். மாக், மகன் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் உறவில்லை. அயர்லாந்தின் பழைய கல்வெட்டுகளில் ‘மாக்’ என்ற சொல் ‘மக்வி’ என்றே இருக்கிறது.

கடைசியில் ‘சி’ வந்தது அச்சுக்கூடத்தில். பழைய ஸ்காட்லாந்து எழுத்தில் அந்த இடத்தில் யகர ஒலி தரும் ‘யோக்’ என்ற எழுத்து இருந்தது. பார்க்க 3 மாதிரி இருக்கும். அந்த அச்சு கையில் இல்லாதவர்கள் இசட் போட்டுக் கோத்தார்கள். எழுத்தைப் பார்த்துப் பார்த்து உச்சரிப்பே மாறிவிட்டது. நம் யாழினியை, ஆங்கில எழுத்தைப் பார்த்து வடநாட்டார் ‘யாஸினி’ என்று கூப்பிடுவது போலத்தான்.

கேலிக்கில் மகளுக்கு ‘மாக்’ வராது, ‘நிக்’ என்றுதான் வரும். அமெரிக்கர்களுக்கு அந்த இலக்கணம் தெரியாது, ஓசை பிடித்திருந்தது. 1975இல் தொடங்கிய ‘ஒன் டே அட் எ டைம்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்த மெக்கன்சி பிலிப்ஸால் அது பெண் பெயராக ஊரெங்கும் பரவியது. 1990களில் பெண் குழந்தைகளுக்கு அங்கே அதிகம் வைத்த பெயர்களில் அதுவும் ஒன்று. ஒரு பெயர் ஆணுக்கா பெண்ணுக்கா என்பதை வேர்ச்சொல் முடிவு செய்வதில்லை; கூப்பிடுகிற வாய்தான் முடிவு செய்கிறது.

நீங்கள் சொன்ன காலின் மெக்கன்சி, கேலிக் பேசும் லூயிஸ் தீவில் பிறந்தவர். 1783இல் இந்தியா வந்தார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821இல் இறக்கும்வரை சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் திரட்டினார். அவற்றில் ஒன்று ‘கொங்குதேச ராஜாக்கள்’. நம் கொங்கு நாட்டை ஆண்டவர்களின் வரலாறு அது. பின்னாளில் கோவை சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் அதைப் பதிப்பித்தார். நூலகத்தில் கிடைத்தால் அவசியம் வாசியுங்கள்; அது உங்கள் மண்ணின் கதை.