தெளிந்த நாளை நம்பாதே

அன்புள்ள தம்பி,

கல்லீரலே இல்லாமல் ஒருவரை எவ்வளவு நேரம் காப்பாற்றி வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். கெட்டுப்போன கல்லீரலை முழுதாக எடுத்துவிட்டு, குடலிலிருந்து வரும் ரத்தத்தைப் பெருஞ்சிரைக்குத் திருப்பி, தானக் கல்லீரலுக்குக் காத்திருந்ததை ஜெர்மனியின் ஹானோவர் குழு 1988-இல் எழுதியது. மணிக்கணக்கில் தாங்கும், அதற்கு மேல் துணிச்சல்தான். சர்க்கரைக் கிடங்கே போய்விட்டதால் மணிக்கு மணி விரல் குத்திப் பார்த்து டெக்ஸ்ட்ரோஸ் ஏற்ற வேண்டும். அமோனியா ஏறி மூளை வீங்கும். தலைமாட்டை உயர்த்தி, சோடியத்தைச் சற்றுக் கூட்டி, டயாலிசிஸ் ஓட்டுவார்கள்.

கோவில்பட்டியில் அதையெல்லாம் நீ செய்யப்போவதில்லை. உன்னிடம் வருவது எலி பேஸ்ட் தின்ற பிள்ளைகள். மக்காச்சோளம் அடுக்கிய கரிசல் வீடுகளில் எலிக்குப் பஞ்சமா? அந்தப் பேஸ்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். தீக்குச்சியில் அதைச் சேர்க்கக் கூடாதென்று 1913-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்று நம்மூர்த் தீப்பெட்டியின் உரசும் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். தீப்பெட்டியை விட்டுப் போன சனியன் எலி மருந்தில் உட்கார்ந்துகொண்டது. அரசு தடை போட்ட பிறகும் பழைய டியூப் எந்த மாடத்தில் கிடக்கிறதோ.

முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி. மறுநாள் பையன் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பான். அம்மா வந்து நிற்பாள்: "நல்லாத்தானய்யா இருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்." அங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கல்லீரல் விழுவது அதற்குப் பிறகு. போலீஸ் கேஸ் பயத்தில்தான் அவள் அவசரப்படுகிறாள் என்பதையும் புரிந்துகொள். 2017 மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. அதை அவளுக்குப் புரியும்படி சொல். பையனைத் திட்டாதே, மனநல மருத்துவரையும் கூப்பிடு.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைத் தினமும் பார். ரத்தம் கசியாதபோது எண்ணை அழகாக்க பிளாஸ்மா ஏற்றாதே. கல்லீரல் எந்த வேகத்தில் சரிகிறது என்று சொல்ல அந்த எண்தான் உண்டு. பேச்சு குழறினாலோ, ராத்திரி முழித்துப் பகலில் தூங்கினாலோ தூக்க மருந்து கொடுக்காதே. இந்தக் குழப்பம் வரும்வரை காத்திராமல், ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கும்போதே பெரிய இடத்துக்குப் பேசு. வேலூர் சி.எம்.சி.யில் பிளாஸ்மா மாற்றிப் பலரைத் தேற்றியிருக்கிறார்கள். மாற்றுக் கல்லீரல் வேண்டுமென்றால் மாநில உறுப்பு மாற்று அமைப்பான டிரான்ஸ்டானில் அவசரப் பட்டியல் உண்டு, முதலமைச்சர் காப்பீடும் உண்டு. இரண்டுக்கும் நேரம் வேண்டும்.

108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டெக்ஸ்ட்ரோஸ் ஓடட்டும். இல்லையென்றால் மதுரை போய்ச் சேர்வதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். கடைசியாகப் பார்த்த அளவையும் மணியையும் ரெஃபரல் சீட்டில் எழுது.

அன்புடன்,
அண்ணன்